அது வேற, இது வேற

அக்கா என்றே எழுதுகிறேன். அவள் பிறந்தபோது ஆண் குழந்தை என்று எங்கள் வரிசை வீடுகள் முழுக்க நைனா பேடா கொடுத்தாராம். மராட்டிக்காரர் வழக்கம் அது. ஆணுக்குப் பேடா, பெண்ணுக்கு பர்ஃபி. சில வருடம் கழித்து நான் பிறந்தபோது பர்ஃபி கொடுத்தார். அம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். பிற்காலத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நைனா, புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் சிவிலியன் தொழிலாளி. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். எங்கள் வரிசையில் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள்தான். எல்லாரும் ஊரில் சேரியிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் நீலக் கோட்டுப் போட்டு, கையில் புத்தகத்தோடு நிற்கும் பெரியவரின் படம் இருக்கும். எங்கள் வீட்டில் முருகனுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. ஏப்ரலில் அவர் பிறந்தநாளுக்கு ஊர்வலம் நடக்கும். ஊர்வலம் முடிந்ததும் மைதானத்தில் மேடை. அதில் தமிழர்கள் கமிட்டி சார்பாக நைனா பேசுவார்.

அவர் பேச்சில் ஒரு கதை எல்லா வருடமும் வரும். சின்ன வயதில் ஊர் டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர். கடைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கும். தானே எடுத்து, குடித்து, தானே கழுவி மாட்ட வேண்டும். கடைக்காரர் கெட்டவர் இல்லை. "எனக்கு உங்க மேல கோவமா இன்னா? மத்தவங்க கடைக்கு வரமாட்டான், அதான்" என்பாராம். பிறகு மாமா ஒருவரைப் பிடித்து நைனா தேஹு ரோடுக்கு வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், கேன்டீனில் எல்லாருக்கும் கொடுத்த கண்ணாடி கிளாஸில் இவருக்கும் டீ வந்தது. குடித்துவிட்டு அதைக் கழுவக் குழாயைத் தேடினார். கேன்டீன்காரர், "ரக்தோ யார், உதர் ஹீ ரக்தோ" என்றார். அங்கேயே வை என்று. இந்த இடத்தில் நைனாவின் குரல் உடையும். கைதட்டல் எழும். வருடா வருடம் கேட்ட நானும் சேர்ந்து தட்டுவேன்.

மேடைப் பேச்சு மராட்டியில்தான். நைனாவுக்கு மராட்டி பேச வரும், எழுத வராது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா மராட்டியில் எழுதுவாள். அப்போது அவள் ஒன்பதாவதோ பத்தாவதோ. மராட்டி மீடியத்தில் நாங்கள் படித்தோம். அவள் வகுப்பில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு அவளுக்குத்தான். நைனா பெஞ்சில் உட்கார்ந்து, "உரிமைங்கறது பிச்ச இல்ல, அப்டின்னு எழுது" என்பார். அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, அவர் சொன்னதைவிட அழகாக எழுதுவாள். நைனா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்வார். "எம்புள்ள எழுதுனது" என்று கமிட்டிக்காரர்களிடம் காட்டுவார்.

அந்தப் பிள்ளையின் நடை, கை அசைவு, பேச்சு எல்லாம் பெண்பிள்ளை போல் இருப்பதை எல்லாருக்கும் முன்னால் பார்த்தது அம்மாதான் என்று நினைக்கிறேன். பள்ளிப் பையன்கள் "பாயல்யா" என்று கூப்பிட்டார்கள். பொட்டை என்று அர்த்தம். வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு அக்கா கண்ணாடி முன்னால் நிற்பாள். நான் பார்த்தால், "நல்லா கீதா பாப்பா?" என்று கேட்பாள். நன்றாகத்தான் இருந்தது. நல்லா கீது என்றுதான் சொன்னேன்.

பன்னிரண்டாவது முடித்த கோடையில் முடி வளர்க்க ஆரம்பித்தாள். நைனா முதலில் திட்டினார். பிறகு கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனார். எதுவும் ஆகவில்லை. டிப்போவில் அப்ரென்டிஸ் எடுக்கிறார்கள், நேர்காணலுக்குப் போக வேண்டும் என்று ஒரு நாள் நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தார். நைனா இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா கத்தவில்லை, உதறவில்லை. முடியெல்லாம் விழுந்து முடிந்ததும் துடைப்பத்தை எடுத்து அவளே பெருக்கினாள். அதைப் பார்த்துத்தான் அம்மா அழ ஆரம்பித்தாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவள் வரவில்லை.

நைனா தேடாத இடமில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். லீவு போட்டுவிட்டு லோனாவ்லா, கல்யாண், தாதர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார். ஒரு போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதில் அவள் பள்ளிச் சீருடையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இருப்பாள். அந்தப் போட்டோவில் இருக்கும் ஆளை அவர் எங்கே போய்த் தேடினாலும் கிடைத்திருக்காது. அடுத்த ஏப்ரலில் பேச்சை நான் எழுதினேன். என் மராட்டி சுமார்தான். நைனா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போதும்" என்றார். டம்ளர் கதை வந்தது. கைதட்டல் வந்தது.

*

தொண்ணூறுகளின் கடைசியில் நான் புனேயில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயில். லேடீஸ் பெட்டியில் நாங்கள் நான்கைந்து பெண்கள் ஒன்றாக உட்காருவோம். ஒரு நாள் காலை ஆகுர்டியில் மூன்று பேர் கைதட்டிக்கொண்டு ஏறினார்கள். தோழிகள் பேச்சை நிறுத்திவிட்டு, எப்போதும் செய்வதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஏறியவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். எங்கள் வரிசைக்கு வந்து ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் கை வைத்தாள். என் தலைக்கு வரும்போது கை அப்படியே நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எழுதும்போது கடிப்பாளே, அதே போல. என்னைத் தாண்டி அடுத்தவள் தலையில் கையை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். என் தோழிகள் முன்னால் எனக்கு அவமானம் வரக்கூடாது என்று போனாள். அது எனக்கு உடனே புரிந்தது.

சின்ச்வடில் அவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கிவிட்டேன். "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கூட இருந்த வயதான ஒருத்தி அவளிடம் மராட்டியில் ஏதோ சொல்ல, நின்றாள். திரும்பி நடந்து வந்தாள்.

"இன்னா பாப்பா, காலேஜுக்கு நேரம் ஆவலயா?" என்றாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

அவளே என்னை பெஞ்சில் உட்கார வைத்து, வடா பாவ் வாங்கிக் கொடுத்தாள்.

"அம்மா எப்டி கீது?"

"உன்ன நெனச்சு நெனச்சு சுகர் வந்துடுச்சு."

"நைனா?"

"கீறாரு."

"இன்னும் மேடைல பேசறாரா?"

"பேசறாரு. நான் எழுதித் தரேன்."

"உன் மராட்டியா? பாவம் ஜனங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணேன்னு கூப்டாத பாப்பா. மத்தவங்க சிரிப்பாங்கன்னு சொல்லல. அது நான் இல்ல" என்றாள்.

"அப்ப இன்னான்னு கூப்டறது?"

"உனக்கே தோணும். தோணும்போது கூப்டு."

லோக்கல் ஒன்று வந்து போனது. நான், "அக்கா, அம்மாவ வந்து பாரு" என்றேன். அந்த முதல் சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்ததில் மை கன்னமெல்லாம் இழுகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் நின்ற அந்த வயதானவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அக்காவின் குரு என்று பிறகு தெரிந்தது. வீட்டை விட்டு வந்த நாள் பிம்ப்ரி ஸ்டேஷனில் பசியோடு உட்கார்ந்திருந்தவளைக் கூட்டிக்கொண்டுபோய் சோறு போட்டவள்.

*

அம்மாவிடம் சொன்னதும் அன்றே கிளம்பிவிட்டாள். ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு பேரும் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு நல்ல பொடவையா ஒண்ணு எடுத்துத் தரணும், எந்தக் கடைல நல்லா இருக்கும்?"

அதன் பிறகு நைனா டிப்போவுக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் அக்கா வர ஆரம்பித்தாள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து, தெரு முனைக்கு முன்னாலேயே இறங்கி, பின்பக்க வழியாக வருவாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருப்பாள். அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போவாள். எங்கள் வீடு அந்த மத்தியானங்களில்தான் வீடாக இருந்தது.

வரிசை வீட்டில் எத்தனை நாள் மறைக்க முடியும்? யாரோ டிப்போவிலேயே நைனாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்கா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நைனா வாசலில் நின்றார். அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். தலையில் வந்து அவர் கண் நின்றது. முடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. அவர் திட்டவில்லை. வெளியே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அக்கா கையைக் கழுவிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டாள்.

சாயந்திரம் நைனா அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "வந்தா வரட்டும். நான் வேணான்னு சொல்லல. எனக்கு அவன் மேல கோவம் இல்ல. ஆனா உள்ள வேணாம். பின்னாடி படில ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போவட்டும். தட்டு, டம்ளர் தனியா வை. நாலு பேரு வந்து போற வூடு. மத்தவங்க நம்ம வூட்ல வந்து தண்ணி குடிக்க வேணாமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் கேட்டேன்.

"நைனா, இதத்தான அந்த டீக்கடைக்காரன் சொன்னான்?"

"எந்த டீக்கட?"

"உங்க ஊரு டீக்கட. கோவம் இல்ல, மத்தவங்க வரமாட்டாங்கன்னு சொன்னானே. வருஷா வருஷம் மேடைல நீங்கதான சொல்றீங்க?"

நைனா என்னை அடிக்கக் கையை ஓங்கியதில்லை. அன்றும் ஓங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அது வேற, இது வேற" என்றார்.

"எப்டி வேற?"

"நாங்க பொறந்த பொறப்புக்காக எங்கள ஒதுக்கினாங்க. எங்க மேல தப்பு இல்ல. இவன் தானா தேடிக்கினான்."

"அவ தேடிக்கல நைனா. அப்டித்தான் பொறந்தா."

"உன்ன எவன் கட்டுவான்? அத யோசிச்சியா நீ? கமிட்டில நான் எப்டி நிமிந்து நிப்பேன்?" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பின்பக்கத் துணி துவைக்கிற கல் மேல் வந்து சேர்ந்தன. அவற்றை அங்கே வைத்தது அம்மாதான்.

அக்கா வந்தாள், படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், எப்படி உன்னால் இது முடிகிறது என்று.

"வாசல்வரைக்கும் உட்றாரே பாப்பா. எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு அதுகூட இல்ல" என்றாள். கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டு முடித்தாள். "அந்தப் பேச்செல்லாம் நான்தான எழுதுனேன். நைனா 'நம்ம ஜனங்களுக்கு'ன்னுதான் சொல்வாரு. நான் 'சர்வான்னா'ன்னு எழுதுவேன். எல்லாருக்கும்னு. அவரும் அப்டியேதான் மனப்பாடம் பண்ணிப் பேசுனாரு. எழுதும்போது எனக்கும் சேத்துத்தான் எழுதுனேன்."

*

எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்தது. கேம்ப்பில் ஒரு பள்ளி. வரலாறும் குடிமையியலும் நடத்துகிறேன். அந்தப் பாடப் புத்தகத்தில் சமத்துவம் பற்றிய அத்தியாயம் நிம்மதியாக இருக்கும். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றிருந்தது, பிறகு எடுத்தார்கள். பெண்கள் படிக்கக் கூடாது என்றிருந்தது, பிறகு படித்தார்கள். ஒரு பத்தியில் கதவு மூடியிருக்கும், அடுத்த பத்தியில் திறந்துவிடும். அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடத்தில் எத்தனை பேர் படியிலேயே உட்கார்ந்து வாழ்ந்து முடித்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. முதலில் உள்ளே போனவர்கள் திரும்பி, அடுத்து நிற்பவர்களிடம் என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நல்ல மனிதர்களும் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டுமே.

அந்த வருடங்களில் அக்காவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. எய்ட்ஸ் வராமல் காத்துக்கொள்வது பற்றித் தங்கள் ஆட்களிடம் போய்ப் பேசும் வேலை. புடவையோடு எடுத்த போட்டோ ஒட்டிய ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். அதைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டாள். கூட்டங்களில் மராட்டியில் நன்றாகப் பேசுகிறாள் என்று குரு என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் ஒரு தடவையாவது போய்க் கேட்டிருக்கலாம். பள்ளி நேரம் ஒத்துவரவே இல்லை.

பிறகு இருமல் வந்தது. காசநோய். மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் வரிசையில் நின்றால், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் விலகிக்கொள்கிறார்கள் என்று பல நாள் போகாமலே இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்தபோது பாதி உடம்பு போய்விட்டது.

குரு என் மொபைலுக்கு போன் செய்தாள். நான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாடிப்படிக்குப் பக்கத்தில், நடைபாதையில், ஸ்ட்ரெச்சரில் அக்கா கிடந்தாள். குரு தன் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆண்கள் வார்டுக்குக் கொண்டுபோனால், புடவை கட்டியிருக்கிறதே, பெண்கள் வார்டுக்குப் போ என்றார்களாம். பெண்கள் வார்டில், இங்கே எப்படிச் சேர்ப்பது, மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்றார்களாம். இரண்டு பக்கமும் கட்டில் காலி இருந்தது. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். நர்ஸ் பாவம், இளம் பெண். "நான் என்ன செய்ய மேடம், பெரிய டாக்டர்தான் சொல்ல வேண்டும்" என்றாள்.

அம்மாவை வரச் சொல்லி வீட்டுக்கு போன் செய்தேன். வந்தது நைனா.

ரிடையர் ஆகிச் சில வருடம் ஆகியிருந்தது. கூட்டத்துக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா குத்தியிருந்தார். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்று அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பெரிய டாக்டரின் அறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன்.

கதவு திறந்தேயிருந்தது. நைனா உட்காரவில்லை. நின்றுகொண்டு மேடையில் பேசுவதுபோலவே பேசினார். கட்டில் இருக்கிறது, நோயாளி இருக்கிறார், நடுவே தடுப்பது யார்? நாங்கள் பிச்சை கேட்கவில்லை, இது எங்கள் உரிமை. ஒவ்வொரு வாக்கியமும் எனக்குத் தெரிந்த வாக்கியம். அக்கா தரையில் குப்புறப் படுத்து எழுதிக் கொடுத்த மராட்டி.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி காகா, நோயாளி உங்களுக்கு யார்?" என்றார்.

நைனா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மராட்டியில் முல்கா என்றால் மகன், முல்கி என்றால் மகள். இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் நெற்றி வேர்த்துவிட்டது. நான் சொல்லிவிடலாம் என்று முன்னால் நகர்ந்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மாஜ மூல் ஆஹே" என்றார். மூல் என்றால் ஆணுமில்லை பெண்ணுமில்லை, பிள்ளை. என் பிள்ளை.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆண்கள் வார்டுக்குத்தான். "ஆவணத்தில் இருப்பதுபடிதான் என்னால் முடியும். ஓரத்தில் ஒரு கட்டில் தரச் சொல்கிறேன்" என்றார். அந்த ஓரக் கட்டிலைச் சுற்றி குரு ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். அக்கா கண் திறந்து பார்த்தாள். "ஆம்பளைங்க வார்டா?" என்று கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நைனா அந்தத் திரைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடப் போகச் சொன்னாலும் போகவில்லை. நான் ஃப்ளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோன ஒரு பகலில் இருவரும் பேசிக்கொள்வது கேட்டது. திரைக்கு வெளியே நின்றுவிட்டேன்.

"நைனா."

"சொல்லும்மா." மகள் என்று நினைத்து அம்மா என்றாரா, வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுவதுபோல வந்துவிட்டதா, தெரியவில்லை.

"பெரிய டாக்டர் ரூம்ல பேசுனீங்களே. வெளிய கேட்டுச்சு. நல்லா இருந்திச்சு."

"நீ எழுதுனதுதான்" என்றார் நைனா.

கஞ்சி ஆறுவதற்குள் நான் உள்ளே போனேன்.

சில நாட்களில், காலையில் வார்டில் பாலும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் பிரெட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

*

அம்மா எடுத்துக் கொடுத்த புடவையைத்தான் உடுத்தினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். நைனா சரி என்றார். முன்வாசல் வழியாகக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். குருவும் அவள் ஆட்களும் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வரிசை வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு சாவு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவரும் ஜனங்கள். கமிட்டியில் நைனாவோடு எல்லா ஊர்வலத்திலும் கொடி பிடித்தவர் எதிர்வீட்டில்தான் இருந்தார். அவரும் வரவில்லை. தூக்க ஆள் வேண்டுமே என்று நைனா வாசலில் நின்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குரு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஹம் உட்டாயேங்கே, பாபுஜி" என்றாள். நாங்கள் தூக்குகிறோம் என்று. முன்னால் நைனாவும் குருவும், பின்னால் இரண்டு பேர். அப்படித்தான் போனாள்.

அடுத்த ஏப்ரலுக்கு முன்னால் கமிட்டிக் கூட்டத்தில் நைனா ஒன்று கேட்டார். ஊர்வலத்தில் குருவும் அவள் ஆட்களும் நம்மோடு நடக்கட்டும் என்று. யாரும் கத்தவில்லை. மரியாதையாகத்தான் மறுத்தார்கள். நம் போராட்டத்தைக் கேலி செய்வார்கள், ஏற்கெனவே நம்மை மதிக்காதவர்களுக்குக் கிண்டல் செய்யக் காரணம் கொடுக்க வேண்டாம், காலம் வரும்போது பார்க்கலாம் என்றார்கள். நைனா எதிர்த்துப் பேசவில்லை. அவருக்குப் பதில் தெரியாமல் இல்லை. தானும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் என்று நினைத்திருக்கலாம். அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார்.

அக்காவின் இறப்புச் சான்றிதழ் வாங்க நானும் அவரும் ஒரு முறை ஆபீஸுக்குப் போனோம். சான்றிதழில் வீட்டில் வைத்த பழைய பெயரும், பக்கத்தில் ஆண் என்பதும் அச்சாகியிருந்தன. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். கவுண்டரில் திருப்பி நீட்டினார்.

"இது தப்பு. மாத்தித் தாங்க" என்றார் மராட்டியில்.

உள்ளே இருந்தவர் வாங்கிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுபடிதானே இருக்கிறது. என்ன தப்பு?"

"பேரும் தப்பு, மத்ததும் தப்பு."

"எல்லாச் சான்றிதழும் இந்தப் பேரில்தானே இருக்கும் காகா? இதில் ஆண், பெண் என்று இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை நான் எங்கே போய் எழுத?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ, சீக்கிரம் என்றார்கள். மூன்றாவதாக ஒன்றை எழுதலாம் என்று இந்த நாட்டில் நீதிமன்றம் சொல்வதற்கு அப்போது இன்னும் பல வருடம் இருந்தது. நைனா அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எதிரே பஸ்கள் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"மாத்திக் குடுங்கன்னு கேட்டனே" என்றார். "சரி, இன்னா பேருன்னு எழுதணும்னு அந்த ஆளு திருப்பிக் கேட்டிருந்தா, நான் இன்னா சொல்லியிருப்பேன்?"

எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை.

"தனக்குன்னு ஒரு பேரு வச்சிக்கினு இருந்துச்சாமே. அவங்க ஆளுங்கல்லாம் அதச் சொல்லித்தான கூப்ட்டாங்க. இன்னா பேரு அது?"

சொன்னேன். மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை சொன்னார்.